ஒரு லட்சம் என்ற கணக்கு: நீர்க்கடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு

இன்றைய பதிவு பெண்களுக்கானது. ஆண்களும் படிக்கலாம், உங்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்களே. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீர் எரிச்சல் என்று ஊருக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். டாக்டர்கள் சிறுநீர்த் தொற்று என்கிறார்கள். பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஒரு முறை வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடியும் வருகிறது. ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ, வருடத்தில் மூன்று தடவையோ வந்தால் அது ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’. சரித்திர டீச்சருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த வியாதிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும்.

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது மிகப் பழைய பழக்கம். நம் சித்தர் மரபில் நீர்க்குறி, நெய்க்குறி என்று இரண்டு சோதனைகள் உண்டு. நீரின் நிறம், மணம், நுரை பார்ப்பது ஒன்று. அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பது மற்றொன்று. தேரையர் பெயரோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். மத்திய கால ஐரோப்பாவிலும் வைத்தியர் கையில் கண்ணாடிக் குடுவை இருக்கும். நோயாளியின் நீரை அதில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

கிருமிதான் காரணம் என்பது 19ஆம் நூற்றாண்டில் தெரிய வந்தது. தியோடர் எஷெரிஷ் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு எழுதினார். பின்னாளில் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ‘இ.கோலை’. குடலில் சாதுவாகக் குடியிருக்கும் அதே கிருமிதான் சிறுமிகளின் சிறுநீர்ப்பையில் புகுந்து தொற்றை உண்டாக்குகிறது என்று 1894இல் அவரே எழுதினார். பெண்களுக்குச் சிறுநீர் வரும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு ஏறத்தாழ 20. பாதை குட்டை, குடலின் வாசலும் பக்கத்தில். இதில் யாருடைய ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அவ்வளவு நாள் முன்பே தெரிந்த இந்த விஷயத்தை, ‘சுத்தமாக இருந்தால் ஏன் வருகிறது’ என்று மருமகளிடம் கேட்பவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இனி தலைப்பில் உள்ள ஒரு லட்சத்துக்கு வருகிறேன்.

சிறுநீரை லேபில் வளர்த்துப் பார்க்கும்போது ஒரு சங்கடம் உண்டு. வெளித் தோலில் இருக்கும் கிருமியும் கூடவே வந்து விழும். எது உள்ளே இருந்து வந்தது, எது வெளியில் ஒட்டியது? 1956இல் பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் இதற்கு ஓர் அளவு சொன்னார்: ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் உண்மையான தொற்று. சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்களையும், எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிருமி மட்டும் உள்ள பெண்களையும் வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த வேலைக்கு அது நல்ல கணக்கு. கர்ப்பிணிகளுக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் நீரில் கிருமி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சியின் வழியாக வந்த அறிவுதான். எத்தனையோ தாய்மார்களின் சிறுநீரகத்தை அது காப்பாற்றியிருக்கிறது.

கோளாறு அந்த எண்ணை எல்லோருக்கும் பொருத்தியதில் வந்தது. எரிச்சலில் துடித்துக்கொண்டு ஒரு பெண் வருவாள். லேபில் 20 ஆயிரம் என்று வரும். ‘தொற்று இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். அப்படியானால் வலி எதனால்? அதற்கு ‘யூரெத்ரல் சிண்ட்ரோம்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். காரணம் தெரியாத கடுப்பு என்பதுதான் அதன் பொருள். பலரிடம் ‘மனசு சம்பந்தப்பட்டது’ என்றே சொல்லி அனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் ஏஞ்சலா கில்மார்ட்டின் என்ற பாடகி இப்படித் தொற்று திரும்பத் திரும்ப வந்து அவதிப்பட்டவர். 1971இல் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து ‘யூ அண்ட் ஐ கிளப்’ என்று ஒன்றைத் தொடங்கினார். நீயும் நானும் என்று பொருள். யூரினரி இன்ஃபெக்‌ஷனின் முதலெழுத்துகளும் அவையே. தண்ணீர் நிறையக் குடிப்பது, மலம் கழித்தபின் தண்ணீர் விட்டுக் கழுவுவது, உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது என்று டாக்டர்கள் சொல்லக் கூசியதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார். காகிதத்தால் துடைக்கும் நாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னது புரட்சிதான். நமக்குத் தண்ணீர் பழக்கம் உண்டு. ஆனால் பின்னாலிருந்து முன்னால் கழுவாதே என்று எத்தனை அம்மாக்கள் மகளுக்குச் சொல்கிறோம்?

1982இல் அமெரிக்காவின் சியாட்டிலில் வால்டர் ஸ்டாம் என்ற மருத்துவரும் அவர் குழுவும் எரிச்சலோடு வந்த பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்தே நேரடியாக நீரை எடுத்துச் சோதித்தார்கள். உள்ளே குடல் கிருமி இருந்த பெண்களில் 51 சதவீதம் பேரை மட்டுமே ஒரு லட்சக் கணக்கு பிடித்திருந்தது. மற்றவர்களுக்கும் தொற்று உண்மை. கணக்குதான் அவர்களைத் தவறவிட்டது. எரிச்சல் உள்ள பெண்ணுக்கு 100 கிருமியே போதுமான ஆதாரம் என்று அவர்கள் எழுதினார்கள். காஸின் கணக்கு வந்து அப்போது 26 வருடம் ஆகியிருந்தது.

அதே ஸ்டாம், இஸ்ரேலைச் சேர்ந்த ரால் ராஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1993இல் இன்னொன்றைக் காட்டினார். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஏன் அடிக்கடி வருகிறது? ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பில் காவல் இருக்கும் நல்ல பாக்டீரியா போய்விடுகிறது. அந்த இடத்தில் குடல் கிருமி குடியேறுகிறது. 93 பெண்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரியால் கிரீம் உள்ளே தடவக் கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு மருந்தில்லாத கிரீம். மருந்தில்லாத கிரீம் தடவியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 5.9 தடவை தொற்று வந்தது. ஈஸ்ட்ரியால் தடவியவர்களுக்கு 0.5. என் வயதுத் தோழிகள் இந்த இரண்டு எண்களையும் மறுபடி ஒரு முறை படியுங்கள். முப்பது வருடத்துக்கு மேலாகியும், ‘வயசானா அப்படித்தான்’ என்ற பதிலோடு எத்தனை பேர் வீடு திரும்புகிறோம்! கேட்டுப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மருந்துகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1890களில் ஹெக்சமின் என்ற மருந்து வந்தது. புளிப்பான சிறுநீரில் அது உடைந்து ஃபார்மால்டிஹைடாகிக் கிருமியைக் கொல்லும். 1930களில் சல்ஃபா, 1953இல் நைட்ரோஃபுரான்டாயின், பிறகு வரிசையாகப் பல. கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றாக எதிர்த்து நிற்கப் பழகின. இ.கோலை சிறுநீர்ப்பையின் உள்தோல் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்து பெருகுகிறது என்று 2003இல் எலிகளில் பார்த்தார்கள். தொற்று திரும்பி வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓரம் கட்டி வைத்திருந்த ஹெக்சமினுக்கும் மறுவாழ்வு வந்தது. பிரிட்டனில் 240 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. தொற்று வராமல் தடுக்க, தினமும் சிறிய அளவில் சாப்பிடும் ஆன்டிபயாடிக்குக்கு அது குறைந்ததில்லை என்று அந்த ஆய்வு சொன்னது.

எல்லாவற்றிலும் எளிய ஆய்வு பல்கேரியாவில் நடந்தது. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள். பாதிப் பேர் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை தொற்று, மற்றவர்களுக்கு 3.2. இது வெளிவந்தது 2018இல்.

தண்ணீர் குடிக்கச் சொல்வது சுலபம். குடித்தால் எங்கே போவது? பெண்கள் பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்தவள் நான். காலையில் நிரப்பி வந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. அதனால் பிள்ளைகள் குடிப்பதில்லை. எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்று போராடினார்கள். முன்னால் நின்றவர் விஜி என்ற தையல் தொழிலாளி. அவர்கள் அமைப்பு ‘பெண்கூட்டு’. 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை கொடுத்தது. 2021இல் தமிழ்நாடும் அப்படியே செய்தது. மருத்துவ வரலாற்றில் ஸ்டாமுக்கு ஓர் இடம் உண்டென்றால் விஜிக்கும் உண்டு என்பது என் கட்சி.

கடைசியாகச் சில வார்த்தைகள். இளநீரும் நீர்மோரும் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் தொற்றுக்கு அதையே மருந்தாக நம்பி நாள் கடத்தாதீர்கள். போன தடவை மிச்சமான மாத்திரையை விழுங்காதீர்கள். அடிக்கடி வந்தால், மாத்திரை தொடங்கும் முன் கல்ச்சர் டெஸ்டுக்கு நடுநீர் பிடித்துக் கொடுங்கள். குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நீரில் ரத்தம் கண்டால் சும்மா விடாதீர்கள். தொந்தரவு எதுவும் இல்லாத பாட்டிக்கு ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்தால், மருந்து அவசியமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அவசியப்படாது. ரிப்போர்ட் சரியாக இருந்து எரிச்சல் மட்டும் போகவில்லையென்றால், ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் இதை அனுப்புங்கள். அவள் படிக்கும் பள்ளியில், வேலை பார்க்கும் இடத்தில் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று இன்று இரவு ஒரு வார்த்தை கேளுங்கள்.