துணியைத் தொடாத தையல்

இந்த நேரலையில் வழக்கமாக நாவலும் கவிதையும்தான் பேசுவோம். ‘தையலைப் பற்றிப் பேசலாமா?’ என்று நான் கேட்டபோது ஒருங்கிணைப்பாளர்கள் உடனே சம்மதித்தார்கள், அவர்களுக்கு நன்றி. நான் வரலாறு படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்தவள். இரவுப் பணி முடிந்து தூக்கம் வராத காலைகளில் ஸ்டம்ப்வொர்க் என்ற பூத்தையலைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். கையில் ஊசி இருக்கும்போது, இதை முதலில் செய்தவர்கள் யார் என்ற கேள்வி வந்தது. அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஸ்டம்ப்வொர்க் என்றால் துணியிலிருந்து எழும்பி நிற்கும் பூத்தையல். இதழ் மடங்கும், பட்டாம்பூச்சியின் சிறகு துணியை விட்டு மேலே விரியும், ராணியின் பாவாடையை விரலால் தூக்கிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் இது செழித்தது ஏறக்குறைய 1650 முதல் 1680கள் வரை. அதைச் செய்தவர்கள் அதை ஸ்டம்ப்வொர்க் என்று அழைக்கவில்லை. அவர்களுக்கு அது ‘எழுப்பிய வேலை’, அவ்வளவுதான். இன்றைய பெயர் இருநூறு ஆண்டு கழித்து ஒட்டியது.

செய்தவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுச் சிறுமிகள். எட்டு வயது, பத்து வயது, பன்னிரண்டு வயது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மார்த்தா எட்லின் என்ற பெண்ணின் வேலைகள் இருக்கின்றன. பிறந்தது 1660இல். எட்டு வயதில், 1668இல், வண்ணப்பட்டு நூலில் வரிவரியாகத் தையல் வகைகளைப் போட்டுப் பழகிய ஒரு சாம்ப்ளர். அடுத்த ஆண்டு வெள்ளை நூலில் இன்னொன்று, இன்னும் கடினமானது. 1671இல், பதினோரு வயதில், பூத்தையல் பலகைகள் பதித்த ஒரு சிறு பேழை. 1673இல் மணி கோத்த நகைப்பெட்டி. இவையெல்லாம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குடும்பத்தில் பெண்வழியாகவே கைமாறி வந்தன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்து இது. ஆண்கள் பெயரில் எழுதிய உயில்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

மான்செஸ்டர் விட்வொர்த் கலைக்கூடத்தில் இருக்கும் இன்னொரு பேழைதான் என்னை உலுக்கியது. அதைச் செய்தவள் ஹன்னா ஸ்மித். பேழைக்குள் தன் கையால் எழுதிய ஒரு சீட்டை வைத்திருக்கிறாள். 1654இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனேன், அப்போது எனக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வயது, இரண்டு ஆண்டு அளவு அங்கே இருந்தேன், அங்கேதான் தையலை முடித்தேன், 1656இல் லண்டனில் அதைப் பெட்டியாகப் பூட்டிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறாள். பின்னாளில் எனக்கே மறந்துபோனால் பார்த்துக்கொள்ளவும், யாராவது கேட்டால் தெரிந்துகொள்ளவும் இதை எழுதுகிறேன் என்பது அதன் சாரம். எழுத்துப்பிழைகள் நிறைய. தையலில் பிழை தேடினால் கண்தான் வலிக்கும்! ஊசி பழகிய அளவுக்குப் பேனா பழகக் கிடைக்கவில்லை என்பது அந்த ஒரு தாளிலேயே தெரிகிறது.

அவள் போன ஆக்ஸ்ஃபோர்டு எப்படிப்பட்ட ஊர் என்று யோசித்துப் பாருங்கள். 1642 முதல் 1646 வரை உள்நாட்டுப் போரில் முதலாம் சார்ல்ஸ் மன்னரின் தலைமையிடம் அது. 1649 ஜனவரி 30ஆம் தேதி அந்த மன்னரின் தலையை லண்டனில் வெட்டினார்கள். ஹன்னா அப்போது ஏழு வயதுக்குள் இருக்கும் குழந்தை. ஒரு தலைமுறைச் சிறுமிகள் போரைக் கேட்டு வளர்ந்து, வெள்ளைச் சாட்டின் துணியில் ராஜாவையும் ராணியையும் தைத்தார்கள்.

அவர்கள் தைத்த கதைகள் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து வந்தவை. அழைக்காமலே அகாஸ்வேரு ராஜாவின் முன் போய் நிற்கும் எஸ்தர். கிணற்றடியில் ரெபெக்காள். சாலொமோனைப் பார்க்க வந்த சேபாவின் ராணி. சூசன்னாள் (எங்கள் சிஎஸ்ஐ பைபிளில் இந்தக் கதை கிடையாது, கத்தோலிக்க பைபிளில் தானியேல் புத்தகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும்). இதே காலத்தில் வெளியே என்ன நடந்தது? 1643, 1644இல் வில்லியம் டௌசிங் என்பவர் நாடாளுமன்றத் தரப்பின் ஆணையோடு கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் கோயில்களுக்குள் நுழைந்து படங்களையும் சிலைகளையும் உடைத்துக்கொண்டு போனார். கோயிலில் பைபிள் மனிதர்களுக்கு இடமில்லை. வீட்டில் மகளின் மடியில் இருந்தது.

ஓவியங்கள் அவர்களே வரைந்தவை அல்ல. ஆண்ட்வெர்ப் நகரில் 1585இல் கெரார்ட் டி யோடெ வெளியிட்ட விவிலியப் படத்தொகுப்பு பல தையல்களுக்கு மூலம். லண்டனில் பீட்டர் ஸ்டென்ட் போன்ற அச்சுப்பட வியாபாரிகள் பறவை, விலங்கு, பூ அச்சிட்ட தாள்களை விற்றார்கள். அதனால்தான் ராஜா நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பளிப்புழு ஊர்கிறது, நத்தை சிங்கத்தோடு போட்டி போடுகிறது. புழுவும் பட்டாம்பூச்சியும் மன்னராட்சி திரும்புவதற்கான இரகசியக் குறிகள் என்று சொல்வதுண்டு. நான் அதை முழுசாக ஏற்கவில்லை. விற்பனைத் தாளில் புழு அழகாக இருந்தது, துணியில் இடம் மிச்சம் இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் காரணம் போதும்.

தேர்வில் மட்டும் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆபிரகாம் ஆகாரையும் இஸ்மவேலையும் வீட்டைவிட்டு அனுப்பும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கும் ஆகார், பின்னால் கூடாரத்திலிருந்து பார்க்கும் சாராள். வேலைக்காரியாக வந்து, பிள்ளையோடு வெளியேற்றப்பட்ட எகிப்துப் பெண்ணின் கைக்குட்டைக்கு ஒரு பணக்காரச் சிறுமி தனியாக நூல் எடுத்திருக்கிறாள். இந்த நேரலையைப் பார்ப்பவர்களில் ஊரைவிட்டு ஒரு பையோடு வந்தவர்கள் பலர் உண்டு. அந்தக் காட்சியை விளக்க நான் தேவையில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். இதன் உயிர் ஒரு தையலில் இருக்கிறது. நம் தையல்காரர்கள் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பார்களே, அதேதான். முதலில் இலையின் வெளிக்கோட்டை ஒரு நூலால் துணியில் பதிக்க வேண்டும். பிறகு காஜா கண்ணிகளை அந்தக் கோட்டு நூலில் மட்டும் மாட்ட வேண்டும்; அடுத்த வரிசை முந்தைய வரிசையின் கண்ணிகளில் மாட்டும். ஊசி துணிக்குள் இறங்கவே இறங்காது. இப்படி உருவாகும் வலைதான் ராணியின் மேலங்கி. அதன் அடியில் கம்பளியோ குதிரைமயிரோ அடைத்தார்கள். சில முகங்களும் கைகளும் மரத்தில் செதுக்கியவை. சில கைகளுக்குப் பட்டுநூல் சுற்றிய கம்பியாலேயே ஐந்து விரலும் செய்தார்கள். கோட்டை ஜன்னல்களுக்குக் காக்காப்பொன் தகடு, கழுத்துக்குச் சிறுமுத்து, இடைவெளிகளில் சமிக்கியும் சுருள் சரிகையும். அந்தக் கம்பி விரல்களைப் பார்த்தால் எனக்கு வார்டில் கேனுலா போடும் கைகள்தான் நினைவுக்கு வரும். தொழில் புத்தி!

தொடங்க விரும்புகிறவர்கள் ராணியில் தொடங்க வேண்டாம். ஒரு இலை போதும். கேக் அலங்காரத்துக்கு விற்கும், காகிதம் சுற்றிய மெல்லிய கம்பியை வாங்குங்கள். பருத்தித் துணியை வளையத்தில் இறுக்கி இலை வரைந்து, கோட்டின்மேல் கம்பியை வைத்துச் சிறு தையல்களால் பிடித்து, அதைச் சுற்றி நெருக்கமாகக் காஜா எடுங்கள். உள்ளே பட்டு அல்லது பருத்தி இழையால் நிரப்புங்கள். கம்பியை ஒட்டி, தையலை வெட்டாமல், கூர்மையான சிறு கத்தரியால் வெட்டியெடுத்தால் இலை கைக்கு வரும். கம்பியின் இரண்டு வாலையும் தடித்த ஊசியால் துளைத்த ஓட்டைவழியே முதன்மைத் துணியில் இறக்கி, பின்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள். பழம் வேண்டுமென்றால் ஃபெல்ட் துணியில் மூன்று அளவு வெட்டி, சின்னதை அடியில், பெரியதை மேலே வைத்துத் தைத்தால் மேடு ஒரே சீராக வரும். ஆஸ்திரேலியாவின் ஜேன் நிக்கோலஸ் எழுதிய புத்தகங்கள் இந்த முறைகளைப் படிப்படியாகக் காட்டுகின்றன.

ஒரு விஷயம் மட்டும் எனக்குள் கிடந்து அரிக்கிறது. ஹன்னாவும் மார்த்தாவும் விற்பதற்காகத் தைக்கவில்லை. பொறுமையும் கல்யாணத் தகுதியும் காட்டத் தைத்தார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்து இன்னொரு மார்த்தா, லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் சிறுமிகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது வேறு வேலை, தலையணைமேல் குண்டூசி குத்தி மரக்குச்சி நூலால் பின்னுவது. ஆனால் அந்த லேஸ் விலைக்குப் போனது. தோள்சீலை போட உரிமை கேட்டுத் தென்திருவிதாங்கூர்ப் பெண்கள் 1859 வரை போராடிய அதே பூமியில், அந்தப் பெண்களின் கைக்குக் கூலி வந்தது. இங்கிலாந்திலும் 1872இல் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் தொடங்கியதற்கு ஒரு காரணம், நல்ல குடும்பத்தில் பிறந்து வருமானமில்லாமல் இருந்த பெண்களுக்கு வேலை கொடுப்பது. மார்த்தா எட்லினின் பேத்திகளின் பேத்திகளுக்கு ஊசி அப்போதுதான் சம்பளம் தந்தது.

ஹன்னாவின் சீட்டு மாதிரி எத்தனை பேழைக்குள் சீட்டு இருந்திருக்கும்? பெரும்பாலான பேழைகளில் செய்தவளின் முதலெழுத்துகூட இல்லை. நம் வீடுகளில் அம்மாச்சி போட்ட தலையணை உறை, குரிசு தைத்த மேசைவிரிப்பு ஏதாவது பெட்டியடியில் இருந்தால், யார் போட்டது, எந்த வருடம், எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். இனி கேள்விகளுக்கு வரலாம்.