குடலிறக்க அறுவைக்குப் பிந்தைய ஓய்வு: ஒரு வரலாறு

வயிற்றின் உள்ளுறுப்புகளைத் தாங்கி நிற்கும் தசைச்சுவரில் ஓரிடம் தளர்ந்து, அதன் வழியே குடலோ குடலைச் சுற்றியுள்ள கொழுப்போ வெளியே பிதுங்குவது குடலிறக்கம் எனப்படும். பேச்சு வழக்கில் இது ஹெர்னியா என்றே அறியப்படுகிறது. தொடை இடுக்கில் தோன்றும் வகையே மிகுதி. அதிலும் ஆண்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது. பெரியவர்களுக்கு இது தானாக மூடிக்கொள்வதில்லை; நிலையான தீர்வு அறுவைச் சிகிச்சையே.

அறுவைக்குத் துணிந்தவர் முதலில் கேட்பது, "எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?" என்பதாகும். இக்கேள்விக்கு மருத்துவம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்று வாரப் படுக்கை என்றார்கள். இன்று பலர் காலையில் அறுவை செய்துகொண்டு மாலையில் வீட்டுக்கு நடந்து செல்கின்றனர். தையல் முறை மேம்பட்டது இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். நீண்ட ஓய்வு காயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை சோதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது மற்றொரு காரணம்.

அறுவைக்கு அஞ்சிய காலம்

பல நூற்றாண்டுகளாகக் குடலிறக்கம் உடையோர் தோலாலும் உலோகத்தாலும் ஆன கச்சையை இடுப்பில் இறுக்கிக் கட்டி வாழ்ந்தனர். வெளியே வந்த குடல் சிக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டால் பெரும்பாலும் மரணமே முடிவாக இருந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின், தொப்புள் பகுதியில் இருந்த குடலிறக்கத்தைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்து, அது சிக்கிக்கொண்டதால் 1737 நவம்பரில் இறந்தார். அரண்மனை மருத்துவர்களாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

1846 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பொதுமக்கள் அறியச் செய்து காட்டப்பட்டது. 1867 இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்கள் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் வந்த பிறகே குடலிறக்கத்தை அமைதியாகத் திறந்து சரிசெய்யும் வாய்ப்பு உண்டாயிற்று. ஆயினும் பலன் நிலைக்கவில்லை. நியூயார்க் மருத்துவர் வில்லியம் புல் 1890 வாக்கில் தொகுத்த கணக்கின்படி, ஓராண்டுக்குள்ளேயே 30 முதல் 40 விழுக்காட்டினருக்குக் குடல் மீண்டும் இறங்கிவிட்டது.

பாசினியும் ஹால்ஸ்டெட்டும்

இந்நிலையை மாற்றியவர் இத்தாலியின் எடுவார்டோ பாசினி (1844–1924). மருத்துவப் பட்டம் பெற்ற மறு ஆண்டே அவர் இத்தாலிய ஒருங்கிணைப்புக்கான போரில் தொண்டராகச் சேர்ந்தார். 1867 இல் ரோம் அருகே நடந்த மோதலில் அவருடைய தொடை இடுக்கில் துப்பாக்கிமுனை ஈட்டி பாய்ந்தது. குடல் கிழிந்து, காயத்தின் வழியே மலம் கசியும் நிலையில் நெடுங்காலம் துன்புற்று மீண்டார். எந்த இடத்தில் காயம் பட்டதோ அந்த இடத்தின் உடலமைப்பையே பின்னாளில் ஆழ்ந்து கற்றார்.

பதுவா நகரில் 1884 இல் தம் புதிய அறுவையைத் தொடங்கிய பாசினி, அதுவரை செய்ததுபோல் வெளித்துளையை மட்டும் தைத்து மூடவில்லை. இடுக்குக் கால்வாயின் பின்சுவரையே தசை அடுக்குகளைக் கொண்டு மீண்டும் கட்டினார். 1890 இல் அவர் வெளியிட்ட 262 அறுவைகளின் பட்டியலில் மறுமுறை குடல் இறங்கியவர்கள் மிகச் சிலரே. அதே காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் ஏறத்தாழ இதே வழியைக் கண்டார்.

மூன்று வாரப் படுக்கை

அறுவை வெற்றி பெற்றதும், அதைக் காப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. ஹால்ஸ்டெட்டின் நோயாளிகள் 21 நாள் படுக்கையில் வைக்கப்பட்டனர். பிற இடங்களிலும் இரண்டு முதல் மூன்று வாரம் என்பதே வழக்கமாயிற்று.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. பாசினி முறையில் இடைவெளி விட்டு நிற்கும் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். இழுத்துக் கட்டிய துணி தையல் ஓரத்தில் கிழிவதுபோல, தசையும் தையலை அறுத்துக்கொண்டு பிரியலாம் என மருத்துவர்கள் அஞ்சினர். எழுந்து நின்றால் வயிற்றின் எடை தையலின்மேல் விழும். படுத்திருந்தால் விழாது என்று எண்ணினர்.

ஆனால் வயிற்றுக்குள் அழுத்தத்தை மிகுதியாக உயர்த்துபவை இருமலும், தும்மலும், மலம் கழிக்க முக்குவதும் ஆகும். படுக்கை இவற்றைத் தடுப்பதில்லை, கூட்டுகிறது. அசையாமல் படுத்தவருக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி இருமல் வரும். குடல் இயக்கம் தளர்ந்து மலச்சிக்கல் உண்டாகும். தையலைக் காக்க விதித்த ஓய்வே தையலுக்குச் சுமையாயிற்று.

கிளாஸ்கோவின் குழந்தைகள்

படுக்கை இன்றியமையாதது அன்று என்பதற்கான பெரிய சான்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குழந்தைகளிடமிருந்து வந்தது. அந்நகரின் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் நிக்கோல், புறநோயாளிப் பிரிவிலேயே குழந்தைகளுக்கு அறுவை செய்து, அன்றே தாயின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். பத்தாண்டுகளில் இவ்வாறு செய்த 8,988 அறுவைகளைப் பற்றி 1909 இல் அவர் எழுதினார். அவற்றுள் குடலிறக்க அறுவைகளும் இருந்தன.

நிக்கோலின் வாதம் எளிமையானது. கைக்குழந்தையை மருத்துவமனைக் கட்டிலில் அசையாமல் வைத்திருக்க எவராலும் முடியாது. தாயைப் பிரிந்த குழந்தை அழுதுகொண்டே இருக்கும். தாயின் மடியில் அது அமைதியாக இருக்கும். மூன்று வார ஓய்வு பெறாத இக்குழந்தைகளின் காயங்களும் நன்றாகவே ஆறின. ஆனால் பெரியவர்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்க மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது. சிகாகோவின் எமில் ரீஸ் 1899 இலேயே, வயிற்று அறுவை செய்த பெண்களை விரைவில் எழுந்து நடக்கச் சொல்லலாம் என்று எழுதியிருந்தார். அவருடைய கருத்தும் அன்று எடுபடவில்லை.

படுக்கையின் தீங்குகள்

1940களில் நிலைமை மாறியது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவர் டேனியல் லைத்தவுசர், அறுவை முடிந்தவர்களை முதல் நாளிலேயே எழுப்பி நடக்க வைத்து, 1946 இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரும் இக்கருத்துக்கு வழி திறந்தது. படுக்கைகளும் செவிலியர்களும் போதாத நிலையில், நோயாளிகளை முன்கூட்டியே எழுப்ப வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. எழுந்தவர்களுக்கு எதிர்பார்த்த தீங்கு வரவில்லை.

1947 இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டி எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. அவற்றுள் கொடியது கால் நாளங்களில் இரத்தம் உறைவது. அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் நொடியில் உயிர் போகலாம். காயம் ஆறி வீட்டுக்குப் புறப்படும் நாளில் நோயாளி திடீரென இறந்துவிடும் அவலம் அக்கால மருத்துவமனைகளில் அறியப்பட்ட ஒன்று. கெண்டைக்கால் தசை இயங்கும்போது இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. ஆகவே நடையே இதற்குச் சிறந்த தடுப்பு.

நடந்தே திரும்பியவர்கள்

கனடாவின் டொராண்டோ நகரில் ஏர்ல் ஷோல்டைஸ், போர்க்காலத்தில் குடலிறக்கத்தால் படையில் சேர முடியாமற்போன இளைஞர்களுக்கு அறுவை செய்தவர். 1945 இல் இதற்கெனவே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவை செய்யும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பின்சுவரை அடுக்கடுக்காகத் தைப்பது அவர் முறை. அறுவை முடிந்ததும் நோயாளி மேசையிலிருந்து இறங்கி நடக்க ஊக்குவிக்கப்பட்டார். குடலிறக்கத்துக்கு மட்டுமான அம்மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

பிரிட்டனில் 1948 இல் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியபின், குடலிறக்க அறுவைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. எடின்பரோவின் எரிக் ஃபார்குவார்சன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். 485 பேருக்கு உணர்வகற்றும் ஊசி போட்டு அறுவை செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பி, 1955 இல் அதன் முடிவை வெளியிட்டார். பெரியவர்களுக்கும் அன்றே வீடு திரும்புதல் பாதுகாப்பானது என்பது இதனால் தெளிவாயிற்று.

வலையின் வருகை

தசைகளை இழுத்துத் தைப்பதால் வரும் வலியும் இறுக்கமும் எஞ்சியிருந்தன. 1958 முதல் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் அஷர், செயற்கை இழை வலையைத் துளையின்மேல் ஒட்டுப்போடும் முறையை வளர்த்தார். 1980களில் லாஸ் ஏஞ்சலிஸின் இர்விங் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் வலையை மட்டும் விரித்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். 1989 இல் அவர் குழுவினர் வெளியிட்ட 1,000 அறுவைகளின் கணக்கில், அதுவரை எவருக்கும் மீண்டும் குடல் இறங்கவில்லை. உடலின் இழைமங்கள் வலையின் கண்களுக்குள் வளர்ந்து அதைத் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. 1990களில் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையும் பரவியது.

வலையின் விலை ஏழை நாடுகளில் தடையாக இருந்தது. மகாராஷ்டிரத்தின் சிற்றூர் மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கொசுவலைத் துணியை வெட்டி முறைப்படி கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016 இல் வெளியானது. ஓராண்டின் முடிவில் கொசுவலைத் துணிக்கும் விலை உயர்ந்த வலைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது காட்டியது. விரைவில் வேலைக்குத் திரும்புவது யாருக்கு மிகத் தேவையோ, அந்த உழைக்கும் மக்களுக்கும் வலைமுறை எட்டக்கூடியது என்பதே இதன் பொருள்.

இன்று எதிர்பார்க்க வேண்டியவை

டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட் உள்ளிட்டோர் செய்த ஆய்வுகள், விரைவில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பியோருக்குக் குடலிறக்கம் மீண்டும் வருவது கூடவில்லை என்று காட்டின. 2018 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலும், உடல் இடங்கொடுக்கும்போதே வழக்கமான செயல்களைத் தொடங்கலாம் என்கிறது. இது சாதாரணத் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்குப் பொருந்தும். பெரிய குடலிறக்கங்களுக்கும் பழைய அறுவைத் தழும்பில் வருபவற்றுக்கும் ஓய்வு கூடுதலாகத் தேவைப்படலாம்.

முதல் இரண்டு மூன்று நாள் வலி மிகுந்திருக்கும். பிறகு நாள்தோறும் குறையும். மருத்துவர் தந்த வலி மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொண்டு நடப்பது, வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பதைவிட நல்லது. இரத்தக்கட்டு கீழிறங்கி விதைப்பை நீலம் பாரித்து வீங்கலாம். இது பார்க்க அச்சம் தந்தாலும் பெரும்பாலும் தானே மறையும். தழும்பின் அடியில் கயிறுபோல் ஒரு தடிப்பு சில வாரங்கள் தட்டுப்படும். பழைய வீக்கம் இருந்த இடத்தில் நீர் கோத்து, குடல் மீண்டும் இறங்கிவிட்டதோ என்று ஐயுற வைக்கலாம். லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு வயிற்றில் செலுத்திய வாயுவால் ஓரிரு நாள் தோள் வலிக்கும்.

இருமும்போதும் தும்மும்போதும் காயத்தின்மேல் கையையோ சிறு தலையணையையோ அழுத்திப் பிடித்தால் வலி குறையும். கீரை, காய்கறி, பழம், போதிய நீர் ஆகியவை மலச்சிக்கலைத் தடுக்கும். அமர்ந்து செய்யும் வேலைக்குப் பலர் சில நாட்களில் திரும்புகின்றனர். மூட்டை தூக்குதல் போன்ற கடின உழைப்புக்குத் திரும்பும் நாளை அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

காய்ச்சல், காயத்தில் பரவும் சிவப்பு, சீழ், ஓயாத வாந்தி, சிறுநீர் கழிக்க இயலாமை, கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம் ஆகியவை தோன்றினால் தாமதியாமல் மருத்துவரை அணுக வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

எஞ்சியிருக்கும் சிக்கல்

வலைமுறை வந்தபின் குடல் மீண்டும் இறங்குவது குறைந்துவிட்டது. இன்று ஆய்வாளர்களின் கவலை நீடித்த வலியைப் பற்றியது. அறுவை செய்துகொண்டோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கடந்தும் தொல்லை தரும் வலி இருக்கிறது. அப்பகுதியில் ஓடும் நரம்புகள் தையலிலோ தழும்பிலோ சிக்குவது இதற்கு ஒரு காரணம். இதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் 'ஆபரேஷன் செய்தால் வலி இருக்கத்தான் செய்யும்' என்று பலர் சொல்லாமலே இருந்துவிடுகின்றனர். மூன்று மாதத்துக்குப் பின்னும் நடக்கவும் உட்காரவும் வலித்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.