தாராசுரத்தில் ரெண்டு ராத்திரி, சோழன் வீட்டைத் தேடி

கும்பகோணம் பக்கம் கோயில் டூர் போறவங்க ப்ளான் எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். காலைல நவகிரகக் கோயில்கள், நடுவுல டிகிரி காபி, திரும்புற வழியில தாராசுரத்துக்கு முக்கால் மணி நேரம். கும்பகோணத்துக்கு மேற்கே நாலு கிலோமீட்டர்ல, கிட்டத்தட்ட நகரத்தோட புறநகர் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கிற ஊர்ங்கிறதால இப்படி ஆயிடுது. என்னைக் கேட்டா, இதைத் தலைகீழா மாத்தணும். தாராசுரத்தை மையமா வச்சு ரெண்டு ராத்திரி தங்குங்க (லாட்ஜ் கும்பகோணத்துலயே போட்டாலும் பரவாயில்ல). காரணம் கோயில் மட்டும் இல்ல. சோழர்கள் குடியிருந்த ஊர் இதுதான்.

தஞ்சாவூர் தலைநகரம், அப்புறம் ராஜேந்திரன் காலத்துல கங்கைகொண்டசோழபுரம்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனா அந்தக் குடும்பத்தோட வீடு பழையாறைல இருந்தது. பல்லவர் காலத்துல நந்திபுரம், ராஜேந்திரன் காலத்துல முடிகொண்டசோழபுரம், இரண்டாம் ராஜராஜன் காலத்துல ராஜராஜபுரம்னு ராஜா மாற மாற ஊருக்குப் பேரும் மாறிக்கிட்டே வந்திருக்கு. அந்த ராஜராஜபுரம்தான் ராராசுரமாகி தாராசுரமாச்சு. பாண்டியனைக் கட்டிக்கிட்டுப் போன மங்கையர்க்கரசி பிறந்ததும் பழையாறைதான். பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்குக் குந்தவை இருந்த ஊர்னு சொன்னாலே போதும்.

சரி, அவ்வளவு பெரிய ஊர்ல அரண்மனை எங்கே? இல்ல. ஒரு சுவர் கூட மேல நிக்கல.

இங்கதான் தாராசுரம் கோயிலை நிதானமா பார்க்க வேண்டியிருக்கு. இரண்டாம் ராஜராஜன் (1146-1173) கட்டினது. விமானம் 24 மீட்டர் உயரம், தஞ்சைப் பெரிய கோயில்ல பாதி கூட வராது. ஆனா அடிப்பகுதியில ஒரு சாண் உயரத்துக்கு ஓடுற சின்னச் சின்னச் சிற்பங்கள்ல நாயன்மார் கதை முழுக்க இருக்கு. சேக்கிழார் பெரிய புராணம் எழுதினது இவனோட அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்துல. அதாவது அப்ப வந்த புது புத்தகத்தை அடுத்த தலைமுறையே கல்லுல செதுக்கிடுச்சு! இதை முக்கால் மணி நேரத்துல பார்க்க முடியாது. சாயங்கால வெயில் சாயும்போது ஒரு தடவை, மறுநாள் காலைல ஒரு தடவை பாருங்க. (மதியம் நடை சாத்திடுவாங்க, அந்த நேரத்துல சௌராஷ்டிரா நெசவாளர்கள் தறியில பட்டு நெய்யுறதைக் கேட்டுக்கிட்டுப் போய்ப் பார்க்கலாம்.) வெளியில பெரிய கோபுரம் ஒண்ணு மேல் நிலைகள் இல்லாம மொட்டையா நிக்கும். அதைத் தாண்டிப் போயிடாதீங்க. இப்ப நாம பார்க்கிறது பழைய கோயில் வளாகத்துல ஒரு பகுதிதான்னு சொல்றது அந்த மொட்டைக் கோபுரம்தான். 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தாச்சு. இருந்தும் மழை பெஞ்சா உள்ளே தண்ணி கட்டிக்கும், ஏன்னா இத்தனை நூற்றாண்டுல சுத்தி இருக்கிற தரை உயர்ந்துபோச்சு. அதனால ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துட்டு, பொங்கலுக்கு அப்புறம் சம்பா அறுவடை நேரத்துல போறது உத்தமம்.

சாமிக்குக் கல்லு, தனக்குச் செங்கல். சோழ ராஜாக்களோட கணக்கு இதுதான். கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டுல தோண்டினப்ப கிடைச்சதும் செங்கல் சுவரும் கூரை ஓடும்தான். ராஜ்யம் போனா செங்கல்லுக்கு என்ன காவல்? மாறவர்மன் சுந்தர பாண்டியன் 13-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல தஞ்சையையும் உறையூரையும் எரிச்சதைத் தன் மெய்க்கீர்த்தியிலேயே பெருமையா போட்டிருக்கான். மிச்சத்தை வயல் எடுத்துக்கும். டெல்டாவுல எந்த மேடும் ரொம்ப நாள் மேடா இருக்காது, நெல்லுக்குச் சமதரைதானே வேணும்.

ஆனா பேரை யாரும் உழ முடியல. ரெண்டாம் நாள் ஒரு டூ வீலரை எடுத்துக்கிட்டு தெற்கே போங்க. சோழன் மாளிகைன்னு ஒரு கிராமம். இருக்கிறது வீடும் வயலும்தான், பேரு மட்டும் மாளிகை. ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர்னு நாலு ஊர். நாலும் படைவீடுகள். பட்டீஸ்வரத்துல கூட்டம் நெரியுற துர்க்கை, அரண்மனை வடக்கு வாசல்ல இருந்தவள்னு ஊர்ல சொல்றாங்க.

இதே மாதிரி ஒரு புறநகர் ஜாவாவுல இருக்கு. யோக்யகர்த்தா நகரத்தை ஒட்டின கோத்தகெடே, 16-ஆம் நூற்றாண்டு கடைசியில மாதாராம் அரசின் தலைநகரம். அரண்மனை போயிடுச்சு. அரச கல்லறைகளும் மசூதியும் சந்தையும் வெள்ளி வேலை செய்யுற குடும்பங்களும் மிச்சம். வீடுகள் நிறைஞ்ச ஒரு தெருப்பகுதிக்கு இன்னும் 'அலுன்-அலுன்'னு பேரு, அதாவது அரண்மனை முன்னாடி இருக்கிற மைதானம். ஆனா அங்க போறவங்க ராத்திரி தங்கி, சந்து சந்தா நடந்து பார்க்கிறாங்க. நாம சோழன் மாளிகை போர்டை பஸ் ஜன்னல் வழியா கூட படிக்கிறதில்ல.

பட்டீஸ்வரம் பக்கத்துலயே ராமநாதன் கோயில்னு ஒண்ணு இருக்கு. முதலாம் ராஜராஜனோட மனைவி பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை. பெத்த அம்மா இல்ல, சிற்றன்னை. எனக்கு இந்த மொத்தச் சுற்றுல ரொம்பப் பிடிச்சது இந்தச் சின்னக் கோயில்தான்.

அங்க இருந்து கொஞ்ச தூரத்துல உடையாளூர். ராஜராஜன் சமாதின்னு எல்லாரும் ஒரு கொட்டகையில சாய்ஞ்சு நிக்கிற லிங்கத்தைக் காட்டுவாங்க. ஆதாரமா இருக்கிறது பால்குளத்தம்மன் கோயில் தூண்ல உள்ள முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு. சிவபாதசேகரன், அதாவது ராஜராஜன் பேர்ல இருந்த திருமாளிகைக்கு முன்னாடி மண்டபம் பழுதானதையும் அதைப் புதுப்பிச்சதையும் சொல்லுது. மாளிகைன்னுதான் இருக்கே தவிர சமாதின்னு இல்ல. 2019-ல ஹைகோர்ட் மதுரைக் கிளை தொல்லியல் துறையை ஆய்வு செய்யச் சொல்ற அளவுக்கு விவகாரம் போச்சு. என் கட்சி என்னன்னா, புதைச்ச இடம்னு அடிச்சுச் சொல்ல அந்தத் தூண் பத்தாது. ஆனா அவன் பேர்ல ஒரு கட்டடம் இங்க இருந்ததுக்கு அது நல்ல சாட்சி. சமாதிக்குச் சண்டை போடுற நாம, அந்தக் கட்டடம் எங்க நின்னுச்சுன்னு ஏன் கேட்க மாட்டேங்கிறோம்?

மூணாம் நாள் ஊர் திரும்பும்போது தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. சாளுக்கியத் துவாரபாலகர் ஒருத்தர் அங்க நிக்கிறார். முதலாம் ராஜாதிராஜன் கல்யாணபுரத்தை ஜெயிச்சுக் கொண்டுவந்தது, பீடத்துலயே அப்படி எழுதியிருக்கும். ரொம்ப காலம் தாராசுரம் கோயில்லதான் இருந்தார். எதிரியோட வாசல்ல இருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கல்லு பத்திரமா இருக்கு.