ராஜகாலுவே
பெங்களூரின் நீலசந்திராவில் மழைநீர் ஓடும் பெரிய வாய்க்காலை ‘ராஜகாலுவே’ என்கிறார்கள். கன்னடக் ‘காலுவே’க்கும் நம் வாய்க்கால், மறுகால் ஆகியவற்றில் உள்ள ‘கால்’ என்பதற்கும் வேர் ஒன்றே: நீர் ஓடும் வழி. ‘ராஜ’ என்றால் தலைமையான. ஏரிக்கு ஏரி நீரைக் கொண்டுசேர்க்கும் தலைவாய்க்கால்.

வடிநிலம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தச் சொல்லோடு ஒரு தாளும் போதும். ஒரு தாளைக் கசக்கி விரித்து, மேடுகளில் நீலமை தடவி, தண்ணீர் தெளியுங்கள். மை மடிப்புகளில் இறங்கி ஒன்றுசேரும். இப்படி நீர் வடிந்து ஒன்றுசேரும் நிலப்பரப்பே வடிநிலம். நீலசந்திராவின் தெருவில் பெய்யும் மழையும் அப்படித்தான் கோரமங்கலா பள்ளத்தாக்கில் இறங்கி, பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையைச் சேர்ந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூரில் கடலடைகிறது. ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் வெள்ளை நுரை, பெங்களூரின் சாக்கடை இதே வழியில் கொண்டுவந்தது.