விக்டோரியா காலமும் கொல்லிமலையும்

முன்னுரை

கொல்லிமலையிலுள்ள பதினான்கு நாடுகளுள் திருப்புலி நாடும் ஒன்று. மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் வழக்குத் தீர்க்கும் முறைமையின்கீழ் நெடுங்காலம் வாழ்ந்துவந்த பூமி இது. விக்டோரியா அரசி ஆண்ட (1837-1901) இங்கிலாந்தின் ஆலைகளுக்கும் நூல்களுக்கும் இம்மலைக்கும் யாது தொடர்பு என மாணவர் வினவக்கூடும். தொடர்பு இருவகையில் உண்டு. அக்காலத்தின் தொழில் வளர்ச்சி இம்மாவட்டத்தின் கனிமத்தையும் காட்டையும் நாடி வந்தது; அக்காலத்தின் மனச்சான்று சற்றுத் தாமதமாக மலையேறி வந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

1. ஆலையும் சமுதாயமும்

நீராவி இயந்திரம் இங்கிலாந்தின் முகத்தையே மாற்றியது. 1851-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இங்கிலாந்து, வேல்ஸ் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாகியிருந்தனர். அவ்வாண்டிலேயே லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடைபெற்று, நாட்டின் செல்வத்தை உலகுக்குக் காட்டிற்று. ஆனால் அச்செல்வத்தின் அடித்தளத்தில் சிறுவர் உழைப்பு கிடந்தது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலக்கரிச் சுரங்கத்தினுள் வேலை செய்வதைத் தடுக்க 1842-இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்துமணி நேர வேலை என்னும் வரம்பு 1847-இல்தான் கிட்டியது. இச்சட்டங்களுக்காகப் பாராளுமன்றத்தில் போராடியவர்களுள் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆழ்ந்த நற்செய்திப் பற்றுடையவர்.

திருச்சபையின் நிலையோ கவலைக்கிடமாயிருந்தது. 1851 மார்ச் 30, ஞாயிறன்று எடுக்கப்பட்ட வழிபாட்டுக் கணக்கு, ஆலயம் செல்லக்கூடியவராயிருந்தும் செல்லாதோர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் என மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் தொழிலாளர் வகுப்பினர். உழைக்கும் மக்களைத் திருச்சபை இழந்துகொண்டிருந்தது.

2. இலக்கியத்தின் சாட்சி

இந்நிலையில் இலக்கியம் மௌனமாயிருக்கவில்லை. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழன்ற சிறாரைப் பற்றி எலிசபெத் பாரெட் 1843-இல் பாடினார். மான்செஸ்டரில் ஒரு போதகரின் துணைவியாராக ஏழைகளின் இல்லங்களை நன்கறிந்திருந்த எலிசபெத் காஸ்கெல், ‘மேரி பார்ட்டன்’ என்னும் புதினத்தை 1848-இல் வெளியிட்டார். ஆங்கிலத் திருச்சபைக் குருவான சார்லஸ் கிங்ஸ்லி, 1850-இல் ‘ஆல்ட்டன் லாக்’ என்ற புதினத்தில் தையற்தொழிலாளரின் துயரை எடுத்துரைத்தார். மனிதரை எண்களாகக் கருதும் தொழில்நகரத்தை டிக்கன்ஸ் 1854-இல் ‘கடினமான காலங்கள்’ என்னும் நூலில் இடித்துரைத்தார். தன் காலத்தின் பாவத்தைத் தானே அறிக்கையிட்ட இலக்கியம் இது எனலாம்.

3. சேலத்தை எட்டிய கரம்

அதே காலத்தின் தொழிலார்வம் நம் மண்ணையும் தொட்டது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கும்பினி வேலையைத் துறந்து, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். அதற்குச் சேலம் மாவட்டத்தின் இரும்புக்கல் வேண்டியிருந்தது. உலைக்கு அடுப்புக்கரியாக மரங்கள் வேண்டியிருந்தன. இருப்புப்பாதை வந்தபின் மரத்தின் தேவை மேலும் பெருகிற்று. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம், தலைமுறை தலைமுறையாய்க் காட்டை நம்பி வாழ்ந்தோரைக் காட்டில் அனுமதி கேட்டு நிற்போராக்கியது.

1876-78-ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகக் கொடிய இன்னலுக்குள்ளான மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. பஞ்சம் தலைவிரித்தாடிய வேளையில், 1877 சனவரி முதல் நாள், டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். வில்லியம் டிக்பி, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் போன்றோர் பஞ்சத்தைக் குறித்து எழுதியது உண்மையே. எனினும், மான்செஸ்டரின் குழந்தைக்காகக் கண்ணீர் வடித்த புதின இலக்கியத்தில் சேலத்துக் குழந்தை அத்தகைய இடத்தைப் பெறவில்லை. கண்ணுக்கெட்டிய தொலைவோடு மனச்சான்று நின்றுவிட்டது.

4. மலையேறிய இருவர்

அத்தொலைவைக் கடந்தவர்களுள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் விக்டோரியா காலத்தின் மக்களே. 1879-இல் பிறந்த ஈவ்லின், லண்டனில் செல்வக் குடும்பத்தில் வளர்ந்து ஓவியம் பயின்றவர். 1885-இல் பிறந்த ஜெஸ்ஸி கட்டடத் தொழிலில் பழகியவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியராக வந்த அவர், 1913-இல் ஈவ்லினை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். வண்டி ஏறாத மலை அது. நடந்தோ டோலியிலோதான் ஏறவேண்டும். அங்கே அவர் தம் கையாலேயே வீடு கட்டினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். நரம்புச் சிலந்திப் புழுவால் வருந்தியோரின் உடலினின்று புழுவை வெளியெடுத்தார். நீர்நிலையைத் தூய்மையாய்க் காக்கக் கற்பித்தார். தச்சுவேலையும் பள்ளியும் தொடங்கினார்.

மக்கள் உடனே செவிசாய்க்கவில்லை. அவர்களை எதிர்த்துநின்ற பூசாரி ஒருவர், காய்ச்சலால் மரணத்தறுவாயிலிருந்தபோது தம் பெண்மகவை இத்தம்பதியரிடமே ஒப்படைத்தார். அதன் பின்னரே மலைமக்களின் உள்ளம் திறந்தது. பிரசங்கத்தால் திறவாத கதவு ஒரு குழந்தையை ஏற்றுக்கொண்ட கரங்களுக்குத் திறந்தது.

1929-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். ஈவ்லின், ஓய்வுபெறும் வயதில் மிஷனின் பொறுப்பினின்று விடுபட்ட பின்னரும் தாமாகவே மலைகளுக்குத் திரும்பி, மட்டக்குதிரையின் மீதேறி ஊர் ஊராய்ச் சென்று, 1974-இல் தமது 95-ஆம் வயதில் மறையும்வரை ஊழியம் செய்தார். 1914-இல் பிறந்த அவர்தம் மகன் பால் பிராண்ட், கட்டடத் தொழிலும் பின் மருத்துவமும் கற்று, 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். தந்தையின் கைத்தொழில் மகனிடத்தில் மருத்துவமாயிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றை இருவகையில் தவறாகப் படிக்கலாம். மிஷனரிகளைக் காலத்துக்கு அப்பாற்பட்ட புனிதராக மட்டும் காண்பது ஒரு தவறு. அவர்கள் ஏறிய மலை பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது, அவ்வாட்சியின் சட்டம் காட்டை முன்னரே அளந்து வைத்திருந்தது. அவர்களைப் பேரரசின் கையாட்களாக மட்டும் காண்பது மற்றொரு தவறு. பேரரசுக்குப் பயனேதும் தராத பூசாரியின் மகவை எவரும் அரசியலுக்காக எடுத்து வளர்ப்பதில்லை.

இங்கிலாந்துத் திருச்சபை உழைப்பாளரை இழந்தபோது அதன் எழுத்தாளர் சிலர் அதனை உரக்கக் கூறினர். நம் சபைகளின் செவிகளுக்கு எட்டாமல் இன்று துன்புறுவோர் யாவர்? ஆலயத்தின் அருகில் நிகழும் துயருக்காக மன்றாடும் நாம், மலைமீதுள்ள திருப்புலி நாட்டுக்காரரின் நிலத்தையும் நோயையும் கூலியையும் அறிந்து மன்றாடுகிறோமா? அண்மையிலிருப்போருக்காக மட்டும் அழும் மனச்சான்று பாதி மனச்சான்றே. மீதிப் பாதியை அடைய மலையேறித்தான் ஆகவேண்டும்.