சிறுநீரகம் தந்தவர் ஒருவர், காத்தது மருந்து

சிறுநீரக மாற்று அறுவையின் வரலாறு பெரும்பாலும் 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த அறுவையிலிருந்து சொல்லப்படுகிறது. பெருமை முழுவதும் அறுவை மருத்துவரின் கைத்திறனுக்குப் போய்விடுகிறது. ஆனால் அந்தக் கைத்திறன் அரை நூற்றாண்டுக்கு முன்பே கைகூடியிருந்தது. ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை அலெக்சிஸ் காரல் 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதன் உடலிலேயே வேறிடத்தில் பொருத்தினால் அது வேலை செய்தது. வேறொரு நாயினுடையதைப் பொருத்தினால் சில நாட்களில் கெட்டுப்போனது. தையல் ஒன்றுதான், முடிவு வேறு. காரணத்தின் முதல் தெளிவான தடயம் 1943இல் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. தீக்காயம்பட்ட பெண்ணுக்குச் சகோதரரின் தோலை ஒட்டிய கிப்சனும் மெடவாரும், இரண்டாம் முறை ஒட்டியது முதல் முறையைவிட விரைவாக அழிந்ததைக் கண்டனர். உடல் அந்நியத் திசுவை அடையாளம் கண்டு நினைவிலும் வைத்துக்கொள்கிறது.

அப்படியானால் பாஸ்டன் அறுவை மருந்தே இல்லாமல் வென்றது எப்படி என்று கேட்கலாம். கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர். ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டி, அது நிலைப்பதை உறுதிசெய்த பிறகே மருத்துவர்கள் கத்தியை எடுத்தார்கள். இரட்டையர் இல்லாத நோயாளிக்கு அந்த வெற்றியால் பயனில்லை. எதிர்ப்பாற்றலை அடக்க உடல் முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலோர் இறந்தனர். ஹிட்சிங்ஸும் எலியனும் உருவாக்கிய, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தான அசாதியோபிரின்தான் வழி திறந்தது. 1962இல் இறந்தவரின் சிறுநீரகம் பெற்ற ஒருவருக்கு அது ஓராண்டுக்கு மேல் உழைத்தது. உடலின் நிராகரிப்பு தொடங்கிய பின்னும் ஸ்டீராய்டால் அதைத் திருப்பலாம் என்று 1963இல் டென்வரில் ஸ்டார்சல் காட்டினார்.

எதிர்ப்பாற்றலை அடக்குவது தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுவதல்லவா என்ற மறுப்பில் உண்மை உண்டு. அக்காலத்தில் பலரைக் கொன்றது தொற்றே. அதனால்தான் நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின் திருப்புமுனையானது. அது குறிப்பாக, அந்நியத் திசுவைத் தாக்கும் டி-செல்களையே கட்டுப்படுத்தியது. இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் ஏறக்குறைய பாதி ஓராண்டுக்குள் செயலிழந்த நிலை மாறி, 1980களில் ஐந்தில் நான்கு தாக்குப்பிடித்தன. ஆனால் அளவு மிஞ்சினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே அறுவைக்கு மட்டும் பணம் ஒதுக்கும் திட்டம் அரைகுறையானது. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் தடையின்றிக் கிடைத்தால்தான் தானம் செய்தவரின் தியாகம் வீணாகாது.