பள்ளிக்குக் கேட்கப்படாத கேள்வி: தமிழ்நாட்டின் கொரோனாக் காலத் தளர்வுகளும் பெற்றோரின் மனக்குறையும்

2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் இரண்டு அனுமதிகள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. திரையரங்குகள் தங்கள் இருக்கைகள் முழுவதையும் நிரப்பிக்கொள்ளலாம் என்பது ஒன்று. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நேரடி வகுப்புகளைத் தொடங்கலாம் என்பது மற்றொன்று. திரையரங்குக்கு அது கடைசிப் படி. 2020 நவம்பரிலேயே பாதி இருக்கைகளுடன் திறந்து, இரண்டாம் அலையில் மூடி, 2021 ஆகஸ்டில் மீண்டும் பாதிக்குத் திரும்பி, அதன்பின் அது முழுமைக்கு வந்திருந்தது. ஒன்றாம் வகுப்புக்கோ அது முதல் படி. 2020 மார்ச் நடுவில் சாத்திய கதவு பத்தொன்பதரை மாதம் கழித்துத் திறந்தது. 2020-21இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த ஒரு பிள்ளை வகுப்பறைக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தபோது இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தது.

"கடை திறந்தாச்சு, தியேட்டர் திறந்தாச்சு, பள்ளிக்கூடம் மட்டும் ஏன் திறக்கல?" என்ற பேச்சு அந்த மாதங்களில் தெருவுக்குத் தெரு கேட்டது. அதைப் பெற்றோரின் வெறும் ஆற்றாமையாகவும், நோய்ப்பரவல் பற்றிய அறியாமையாகவும் ஒதுக்கிவிடும் போக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பேச்சு அரசு நடந்துகொண்ட விதத்தைத் துல்லியமாகப் படித்திருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். பெற்றோர் கண்ட ஏற்றத்தாழ்வு எது முதலில் திறந்தது என்பதோடு முடிந்துவிடவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நிர்வாகம் "எப்படி நடத்துவது?" என்று கேட்டது. பள்ளிக்கு மட்டும் "திறப்பதா, வேண்டாமா?" என்று கேட்டது. இந்த வேறுபாட்டைத்தான் அவர்கள் தங்கள் மொழியில் சொன்னார்கள்.

மதுக்கடையிலிருந்து தொடங்குவோம். 2020 மே 7 அன்று, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டன. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் காலை 10 முதல் 1 மணி வரை, நாற்பது முதல் ஐம்பது வரையுள்ளவர்கள் 1 முதல் 3 வரை, நாற்பதுக்குக் கீழே உள்ளவர்கள் 3 முதல் 5 வரை என்று வயதுவாரியாக நேரம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. 16ஆம் தேதி கடைகள் மீண்டும் திறந்தபோது ஒரு நாளைக்கு 500 டோக்கன், வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு நிறம் என்ற ஏற்பாடு வந்தது. மதுவிற்பனையால் அரசுக்கு 2020-21இல் கிடைத்த வருவாய் 33,000 கோடி ரூபாய்க்கு மேல் என்பதால் இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. என் கவனம் அந்த டோக்கனின் மேல். நிறத்தால் நாளைப் பிரித்து, வயதால் நேரத்தைப் பிரித்து, ஒரு கூட்டத்தைக் கலைத்துச் சிறு சிறு கூட்டங்களாக்கும் முறை பெருந்தொற்று தொடங்கி இரண்டே மாதத்தில் இந்த நிர்வாகத்தின் கைவசம் இருந்தது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை நான்காகப் பிரித்து நாள்மாற்றி வரவழைப்பதற்கு இதைவிடப் பெரிய திறமை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தேர்தலுக்கு வருவோம். 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலுக்காக ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்தார்கள். அதனால் சாவடிகளின் எண்ணிக்கை 88,937 ஆனது. வாக்குப்பதிவின் கடைசி ஒரு மணி நேரம், மாலை 6 முதல் 7 வரை, தொற்றுள்ளவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பாதுகாப்புக் கவச உடை அணிந்து வந்து அவர்கள் வாக்களித்தார்கள். நோயாளியின் வாக்குரிமையைக்கூட விட்டுவிடக் கூடாது என்று எண்ணிய அந்த ஏற்பாட்டை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் அந்தச் சாவடிகளில் மிகப் பெரும்பாலானவை எங்கே இருந்தன? பள்ளி வகுப்பறைகளில். தொற்று கூடுகிறது என்று 9, 10, 11ஆம் வகுப்புகளுக்கு நேரடி வகுப்புகளை நிறுத்தியது மார்ச் 22 அன்று. பதினைந்து நாள் கழித்து அதே அறைகளில் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கி வாக்குப்பதிவு இயந்திரங்களை வைத்தார்கள். இடைப்பட்ட நாட்களில் பரப்புரைக் கூட்டங்கள் எப்படி நடந்தன என்பதை ஊரே பார்த்தது. ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி தேர்தல் ஆணையத்தைக் கடுமையாகக் கண்டித்ததும் இதற்காகத்தான்.

ஜல்லிக்கட்டிலும் இதே கதைதான். ஓமிக்ரான் பரவிய 2022 ஜனவரியில் ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டன, பிறகு மேல்வகுப்புகளும் நின்றன. அந்த மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்கள் திறந்தன. பார்வையாளர் 150 பேருக்கு மிகக் கூடாது, தடுப்பூசிச் சான்று வேண்டும், பரிசோதனைச் சான்று வேண்டும் என்று நிபந்தனைகள் எழுதப்பட்டன. ஜனவரி 16 ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு 17ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஜல்லிக்கட்டு நடந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மதுரை மண்ணில் அது எத்தனை பேருடைய உயிர்மூச்சு என்று தெரியும். ஒரு நிகழ்வு நடந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் ஆள் எண்ணிக்கையை, சான்றிதழை, தேதியைக்கூட அதற்கேற்ப வளைக்க நம் நிர்வாகத்துக்குத் தெரிகிறது என்பதற்கு இது சான்று.

இனிப் பள்ளியைப் பார்ப்போம். 2020 நவம்பர் 16 முதல் 9 முதல் 12 வரையான வகுப்புகளைத் திறக்கலாம் என்று முதலில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் நவம்பர் 9 அன்று பள்ளிகளில் பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். மறுநாள் 10ஆம் தேதி திரையரங்குகள் திறந்தன. 12ஆம் தேதி, பெற்றோரின் கருத்துகள் மாறுபடுகின்றன என்ற காரணத்துடன் பள்ளித் திறப்பு கைவிடப்பட்டது. இந்த நான்கு நாட்கள் கூர்ந்து படிக்கத் தக்கவை. கேட்கப்பட்டது "வேண்டுமா" என்ற ஒற்றைக் கேள்வி. நாள்மாற்றி அனுப்பச் சம்மதமா, திறந்த வெளியில் வகுப்பு நடந்தால் அனுப்புவீர்களா, காலையில் இரண்டு மணி நேரம் போதுமா என்று கேட்டிருந்தால் பதில்கள் வேறாக இருந்திருக்கக் கூடும். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் அந்த ஒற்றைக் கேள்வியும் கேட்கப்படவில்லை. படிக்கக் கற்றுக்கொள்ளும் வயதில் இருந்த பிள்ளைகள் அவர்களுடையவர்கள்தான்.

2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள் திறந்தபோது ஒரு வகுப்பில் 25 பேர் என்ற வரம்போடு பெற்றோரின் இசைவுக் கடிதமும் கேட்கப்பட்டது. இக்கடிதம் சிறு தாள்தான், ஆனால் அதன் பொருள் பெரிது. திரையரங்குக்குப் போகிறவரிடமோ பரப்புரைக் கூட்டத்துக்கு லாரியில் ஏறுகிறவரிடமோ யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அங்கே ஏற்பாட்டின் பொறுப்பு நடத்துகிறவருடையது. பள்ளி வாசலில் மட்டும் அந்தப் பொறுப்பு தாயின், தந்தையின் கையெழுத்துக்கு இடம் மாறியது. முறையிட யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றவர்களிடமே கடைசியில் முடிவும் விடப்பட்டது. மனக்குறை கோபமாக மாறியது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். அதே ஜனவரி 4 அன்று திரையரங்குகளுக்கு முழு இருக்கை அனுமதி தரப்பட்டு, ஒன்றிய அரசின் எதிர்ப்புக்குப் பின் 8ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டதையும் பெற்றோர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எதிர்வாதத்தை அதன் முழு வலுவோடு வைக்க வேண்டும். படம் பார்ப்பது விருப்பம், பள்ளி கட்டாயம். கட்டாயப்படுத்தி வரவழைக்கும் இடத்தில் அரசுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இல்லை, வீட்டில் பாட்டி தாத்தா இருக்கிறார்கள், ஆசிரியர்களில் வயதானவர்கள் இருக்கிறார்கள். 2021 மே மாதத்தில் ஆக்சிஜனுக்காக ஆம்புலன்சுகள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றதைக் கண்டவர் எவரும் இந்த அச்சத்தைச் சிறிதென்று சொல்ல மாட்டார். அந்த மாதத்தில் பள்ளி மூடியிருந்தது சரியே.

ஆனால் இந்த வாதம் தன்னையே மறித்துக்கொள்கிறது. ஊரில் தொற்று எவ்வளவு என்பதுதான் வகுப்பறைக்குள் ஆபத்து எவ்வளவு என்பதை முடிவு செய்கிறது. பிள்ளைகளைக் காப்பது முதன்மை என்றால் முதலில் மூட வேண்டியவை பெரியவர்கள் கூடும் இடங்கள், கடைசியில் மூட வேண்டியது பள்ளி. இங்கே வரிசை தலைகீழாக இருந்தது. மூடிய பள்ளி பிள்ளைகளைத் தொற்றிலிருந்து காத்ததா என்பதற்கும் விடை இருக்கிறது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த நான்காவது தேசிய எதிர்ப்புரதக் கணக்கெடுப்பில் 6 முதல் 9 வயதினரில் 57.2 விழுக்காட்டினருக்கும் 10 முதல் 17 வயதினரில் 61.6 விழுக்காட்டினருக்கும் ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது தெரிந்தது. நாடு முழுவதும் பள்ளிகள் பெரும்பாலும் மூடியிருந்த காலம் அது. கடைக்கும் சந்தைக்கும் கூட்டத்துக்கும் போய்வந்த பெரியவர்களோடு ஒரே கூரையின் கீழ்தானே பிள்ளைகள் இருந்தார்கள்! அந்த முடிவுகளை வெளியிட்டபோது கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே நல்லது என்றார். தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரை செப்டம்பரில் திறந்தன, தொடக்கப் பள்ளி இரண்டு மாதம் கழித்தே திறந்தது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை முதலில், எழுத்துக் கூட்டும் பிள்ளை கடைசியில் என்பது நோயின் இயல்பிலிருந்து வந்த வரிசை இல்லை. தேர்வை மையமாக வைத்துக் கல்வியைப் பார்க்கும் நம் பழக்கத்திலிருந்து வந்தது.

பெற்றோர் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று சொல்வதும் சரியாகாது. கணினியும் தனியறையும் உள்ள வீட்டில் "இன்னும் கொஞ்சம் பொறுப்போம்" என்ற குரல் வலுவாக இருந்தது. ஒரே கைபேசியை அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் வீட்டில் பொறுப்பதற்கு எதுவும் இல்லை. ஜான் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநில, ஒன்றியப் பகுதிகளில் வசதி குறைந்த குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், ஊரகப் பிள்ளைகளில் 8 விழுக்காட்டினரே இணையவழியில் ஒழுங்காகப் படித்துவந்தார்கள். ஊரகப் பெற்றோரில் 97 விழுக்காட்டினர் பள்ளியை விரைவில் திறக்க வேண்டும் என்றார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை. திரையரங்கு உரிமையாளர்களுக்குச் சங்கம் இருந்தது, முதலமைச்சரைச் சந்திக்கக்கூடிய நடிகர்கள் இருந்தார்கள். கட்சிகளுக்குத் தேர்தல் நாள் இருந்தது. கல்வித் தொலைக்காட்சிக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போன தாய்க்கு இவை எதுவும் இல்லை.

"எப்படி?" என்ற கேள்வி பள்ளிக் கல்விக்கும் ஒருமுறை கேட்கப்பட்டது. 2021 அக்டோபர் இறுதியில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அது. மாலையில் ஓரிரு மணி நேரம், பக்கத்துத் தெருவில், அதே ஊரைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் ஒரு பெண், பத்திருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ மரத்தடியிலோ கூட்டிப் படிக்கவைத்தார். தமிழ்நாட்டு ஊரகப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், 2021 டிசம்பரில் காணப்பட்ட பெரும் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் ஈடானதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் வந்ததையும் காட்டினார்கள். இதில் ஆறுதல் உண்டு. எனக்கு இதில் வருத்தமே மிகுதி. திண்ணையும் மரத்தடியும் படித்த பெண்களும் 2020 ஜூலையிலும் நம் ஊர்களில் இருந்தார்கள்.

அடுத்த முறை இந்தக் கேள்வியை யார் கேட்பது என்பது சட்டத்தோடு தொடர்புடையது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் ஆட்சியரும், உள்ளாட்சியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும், காவல் கண்காணிப்பாளரும், தலைமை மருத்துவ அலுவலரும் இடம்பெறுகிறார்கள். கூடுதலாக மாவட்ட அளவிலான இரண்டு அலுவலர்கள் வரை சேர்க்கலாம். கல்விக்கென்று அங்கே உறுதியான நாற்காலி இல்லை. மறுபக்கம், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முக்கால் பங்கு பெற்றோருக்கு என்று சொல்கிறது. அக்குழுக்களைத் தமிழ்நாடு 2022இல், பள்ளிகளெல்லாம் திறந்த பிறகு, புதிதாக அமைத்தது. அந்த இரண்டு கூடுதல் இடங்களில் ஒன்றை முதன்மைக் கல்வி அலுவலருக்கு நிலையாக ஒதுக்க வேண்டும். பள்ளியை மூடும் ஆணை எதுவும், எந்த வகுப்பை எங்கே எத்தனை பேரோடு நடத்தலாம் என்று ஊர்தோறும் உள்ள மேலாண்மைக் குழுக்கள் எழுதித் தந்த திட்டங்களை அவர் ஆணையத்தின் முன் வைத்த பிறகே கையெழுத்தாக வேண்டும்.